வேண்டாம் என்று சிரித்த குவாட்டர்பாக்

விளையாட்டு அணிகளின் அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தீர்கள். தேநீர் குடித்தீர்கள், மிக்சர் கொறித்தீர்கள், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். சராசரிக்கு மேலே நிற்பவன், ஆனால் அபாரமானவன் என்று சொல்லிவிட முடியாதவன், அப்படிப்பட்ட ஒரு குவாட்டர்பாக்குக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு, அள்ளிக் கொடுக்கலாமா, கூடாதா? நான் பதில் சொல்லத் தொடங்கியதும் எல்லோரும் போனை எடுத்து நேரம் பார்த்தீர்கள். ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் என்னை யாரும் இடைமறிக்க முடியாது.

இப்போது ஒரு வீரனின் விலையைக் கணினியே சொல்லிவிடுகிறது என்கிறீர்கள். தொண்ணூறுகளில் அந்த விலை வீரனின் வாயிலிருந்துதான் வந்தது. அதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வது எங்கள் வேலையாக இருந்தது.

எங்களுடையது பெரிய அணி அல்ல. ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், மோர்னிங்சைட் பக்கம் மைதானம். எங்கள் லீக் தொலைக்காட்சியில் வராது. வந்தாலும் சோபா, கட்டில் விற்கும் எங்கள் முதலாளியின் தளபாடக் கடை விளம்பரங்களுக்கு நடுவே கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நான் அங்கே கணக்கு எழுதப் போனவன். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த காற்பந்தில் பந்தைக் கையால் தொட்டால் விசில் ஊதுவார்கள். இங்கே அதே காற்பந்து என்ற பெயரில் முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதல் வாரம் முழுவதும் யாரோ ஒருவர் வந்து இந்த அநியாயத்தை நிறுத்துவார் என்று காத்திருந்தேன்.

என் மேலதிகாரியை எல்லோரும் மனேச்சர் என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைக்காரர், இளமையில் முன்வரிசையில் நின்று விளையாடியவர். இரண்டு முழங்கால்களையும் மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். அவர் அறைக்குள் வருவதைப் பார்த்தால் இரண்டு பேர் ஓர் அலுமாரியை நகர்த்திக்கொண்டு வருவதுபோல் இருக்கும். அவரிடம் ஒரு பழக்கம். எதையும் இரண்டு தரம் கேட்கமாட்டார். காலையில் கோப்பி வேண்டுமா என்பார். நான் வளர்க்கப்பட்ட முறைப்படி “பரவாயில்லை, வேண்டாம்” என்பேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போவார். அவர் திரும்பி வந்து வற்புறுத்துவார் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு இருப்பேன். இப்படியே என் முதல் குளிர்காலம் கோப்பி இல்லாமல் கழிந்தது. அவரை மரியாதை தெரியாத மனிதர் என்று முடிவுகூடக் கட்டிவிட்டேன். அவரோ எனக்குக் கோப்பி பிடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அவர் எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்றுதான். ஓர் ஆட்டத்துக்கு என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, பந்தைப் பார்க்காதே என்றார். பந்தைப் பார்க்காமல் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். முன்னால் நிற்கும் ஐந்து பேரின் முதுகைப் பார் என்றார். பார்த்தேன். பின்னால் நிற்கும் குவாட்டர்பாக் பந்தை வாங்கி, அப்படி இப்படித் திரும்பி, ஆளைத் தேடி, அழகாக எறிகிறானே, அந்த நேரம் முழுவதும் அந்த ஐந்து முதுகுகளும் எதிரணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கைதட்டல் எறிந்தவனுக்குப் போகிறது. முதுகுக்கு வலிதான் மிச்சம். அன்றிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த ஐந்து முதுகுகளில் ஒன்று ரொனியினுடையது. வோபர்னில் எங்கள் தொடர்மாடியில், எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருந்தான். ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் முதலாளியின் கடையில் சோபா தூக்குவான். கடை மைதானத்துக்குப் போகிற வழியில் இருந்ததால் காலையில் என்னைத் தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு போய் அலுவலக வாசலில் இறக்கிவிடுவான். என்னிடம் கார் இல்லை. இரண்டு பஸ் மாறி, பனிக்குள் நின்று போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். ரொனியின் கார் பழையது, ஆனால் அதன் ஹீற்றர் ஒரு தெய்வம்.

இனி குவாட்டர்பாக்குக்கு வருகிறேன். பெயர் டெரெக். மூன்று பருவங்களாக எங்களோடு இருந்தான். நல்ல பையன், நல்ல கை. நல்ல நாளில் அவன் எறிந்தால் பந்து போகவேண்டிய நெஞ்சில் போய் விழும். ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் நான் எறிந்த மாதிரி இருக்கும். லீக்கில் இருந்த குவாட்டர்பாக்குகளை வரிசையில் நிறுத்தினால், முதலில் நிற்பவனும் அல்ல, கடைசியில் நிற்பவனும் அல்ல. முன்பாதியில் எங்கோ நின்று எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

அந்த மூன்றாவது பருவத்தில் எங்கள் அணி முதன்முறையாக அரையிறுதிவரை போனது. போய்த் தோற்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெரெக்கின் படத்தை முதலாளி தன் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஒருவனுடைய முகத்துக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியின் விலையைப் போட்டால், அவன் தன்னுடைய விலையைப் பற்றியும் யோசிக்கத் தொடங்குவான். டெரெக்கின் ஒப்பந்தம் முடிகிற நேரம். லீக்கில் முதல் இடத்தில் இருந்த குவாட்டர்பாக் வாங்கும் சம்பளம் தனக்கும் வேண்டும் என்று கேட்டான். முகவர் யாரும் இல்லை, தானே நேரில் வந்து கேட்டான்.

எங்கள் லீக்கில் ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஒருவனுக்கு அள்ளினால் இன்னொருவனின் சட்டியிலிருந்துதான் அள்ளவேண்டும். மனேச்சர் என்னிடம் கணக்குப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். டெரெக் கேட்டதைக் கொடுத்தால் முன்வரிசையில் இரண்டு பேரை அனுப்பவேண்டும். அதில் ஒருவன் ரொனி. அனுப்பினால் அவனுடைய சோபா வேலையும் போகும், ஏனென்றால் அது அணிக்காரருக்காகவே முதலாளி கொடுத்த வேலை. பிறகு நகரத்தின் மறுபக்கம் பிறம்ரனில் மச்சானின் பாரவண்டிக் கம்பனிக்குத்தான் அவன் போகவேண்டும். மனைவி பிள்ளைத்தாச்சி. இதை அவனிடம் நான் சொல்லக்கூடாது. தினமும் காலையில் அவனுடைய ஹீற்றரில் குளிர்காய்ந்துகொண்டு, அவன் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் தேடுவதைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும்.

மனேச்சர் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். சராசரிக்கு மேலே நிற்பவனுக்குச் சராசரிக்கு மேலான சம்பளம் கொடுக்கலாம், அபாரமானவனின் சம்பளம் கொடுக்கக்கூடாது, முதுகு இல்லாமல் எந்தக் கையும் எறியாது என்று பெரிய மேடைப் பேச்சே பேசினேன். என் கொள்கையில் பாதி நியாயம், மீதி அந்த ஹீற்றர். எது எந்தப் பாதி என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மனேச்சர் தலையாட்டினார். ஒருவரையும் அனுப்பாமல் கொடுக்கக்கூடிய ஆகக் கூடிய தொகையைப் பார்த்து வை, அடுத்த வாரம் அவனைக் கூப்பிடுவோம் என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். பேரம் நடக்கிற நாட்களில் வீரர்களோடு ஒரு மேசையில் சாப்பிடாதே.

நான் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்யலாம் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை குறுக்கே நிற்கிறது.

ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ரொனி. என் மனைவி பவானியின் ஆட்டிறைச்சிக் கறிக்கு அவன் நிரந்தர வாடிக்கையாளன், அதில் புதுமை இல்லை. அவனுக்குப் பின்னால் டெரெக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்தக் கறியைப் பற்றி மூன்று வருடமாகக் கேட்டுக் களைத்துவிட்டேன், அதனால் நானும் வந்தேன் என்றான். தம்பிமாரே, வாசலில் நிற்பவனைப் பார்த்து “இப்போது பேரம் நடக்கிறது, பிறகு வா” என்று சொல்ல எங்கள் ஆட்களில் யாரால் முடியும்? நான் வாயைத் திறப்பதற்குள் பவானி இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள்.

இடியப்பம், சொதி, இறைச்சிக் கறி. ரொனி யாரும் கேட்பதற்கு முன்பே தன் பங்கைப் போட்டுக்கொண்டான். டெரெக் முதல் தரம் ஒழுங்காகச் சாப்பிட்டான். பவானி மறுபடி போட வந்தாள். வேண்டாம், போதும், நன்றி என்றான். பவானி என்னைப் பார்த்து, “பாவம், வெக்கப்படுறார்” என்று சொல்லிப் போட்டாள். சாப்பிட்டான். மறுபடி வந்தாள். வேண்டாம் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினான். போட்டாள். அவன் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்திருக்கவேண்டும்? சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கவேண்டும். ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எனக்குள் ஒரு விரிவுரையாளர் எழும்பிவிடுவார்.

எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாம் வெறும் மரியாதை என்று விளக்கினேன். இரண்டாவது வேண்டாம், கேட்பவருக்கு உண்மையிலேயே கொடுக்க விருப்பமா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் தரம் கேட்கும்போது சொல்வதுதான் உண்மையான பதில். முதல் தரமே ஓம் என்பவனை அவாப்பட்டவன் என்று நினைப்பார்கள் என்றேன். ரொனி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பவானிக்கு என் விளக்கம் போதவில்லை. “ஒருதரம் கேட்டுப்போட்டு விட்டா, குடுக்க மனமில்லை எண்டுதான் அர்த்தம். அதையும் சொல்லுங்கோ” என்றாள். அதையும் சொன்னேன். டெரெக் மிகுந்த கவனத்தோடு கேட்டான். மூன்றாம் தரம் அவள் கரண்டியோடு வந்தபோது, வேண்டும் என்று சொல்லிக் கோப்பையை நீட்டினான். நாங்கள் எல்லோரும் கைதட்டாத குறை. நல்ல மாணவன் என்று நான் மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் டெரெக் அலுவலகத்துக்கு வந்தான். மனேச்சர் சுற்றி வளைக்காமல் தொகையைச் சொன்னார். அவன் கேட்டதைவிட நன்றாகக் குறைவு, வாங்கிக்கொண்டிருந்ததைவிட நன்றாகக் கூட. ஒருவரையும் அனுப்பத் தேவையில்லாத தொகை. என் மனசுக்குள் ரொனியின் கார் ஒருமுறை உறுமியது.

டெரெக் மனேச்சரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்போடு, வேண்டாம் என்றான். சொல்லிவிட்டு எனக்குக் கண்ணடித்தான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திமிர் என்று நினைத்தேன். மனேச்சர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. சரி, இத்தனை நாள் விளையாடியதற்கு நன்றி என்று சொல்லி, மேசையைப் பிடித்து எழுந்து கையை நீட்டினார். டெரெக் கையைக் குலுக்கினான், அப்போதும் சிரித்தான். கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லாததால் போய்விட்டான். மனேச்சர் அடுத்த நிமிடமே மேற்கே இருந்த ஓர் அணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர்களுடைய இரண்டாவது குவாட்டர்பாக்கைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். அவன் சராசரிக்குக் கீழே. ஆனால் விலையும் அப்படித்தான்.

இரண்டு நாள் கழித்து நான் வேலையால் வீட்டுக்கு வந்தபோது பவானி கதவைத் திறந்த விதமே சரியில்லை. சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று தெரியவில்லை.

“உங்கட டெரெக் வீட்டுக்குப் போன் எடுத்தவர்.”

“என்னவாம்?”

“நீங்கள் ஏன் இரண்டாந்தரம் கேக்கேல்லை எண்டு கேக்கிறார். உங்களுக்கெல்லாம் தன்னை வைச்சிருக்க மனமில்லையோ எண்டும் கேக்கிறார். அழாத குறை.”

நான் சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். அந்தச் சிரிப்பு, அந்தக் கண்ணடிப்பு, கதவடியில் திரும்பிப் பார்த்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் தலையில் குட்டின.

“நீர் என்ன சொன்னனீர்?”

“நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள்தானே இறைச்சிக் கறியை முன்னால வைச்சுப் பாடம் எடுத்தனீங்கள். அவரும் உங்கட கந்தோர் முழுக்க, மனேச்சரும் சேர்த்து, எங்கட ஆக்கள்தான் எண்டு நினைச்சிட்டார் போல.”

எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பையன் என் வீட்டில் சாப்பிட்டு, நான் சொன்னதை வேதவாக்காக எடுத்து, அதனாலேயே வேலையை இழந்து நிற்கிறான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டெரெக் போனாலும் ரொனி இருப்பான். மேற்கிலிருந்து வருபவன் மலிவு, ஆகவே என் ஹீற்றருக்கு ஆபத்தே இல்லை. சராசரிக்கு மேலே நிற்பவனுக்கு அள்ளிக் கொடுக்காதே என்ற என் கொள்கையும் வெற்றி வாகை சூடும். வாயைத் திறந்தாலோ, சாப்பிடாதே என்று சொல்லியும் சாப்பிட்டேன், போதாக்குறைக்குப் பேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று எதிர்ப்பக்கத்துக்கு வகுப்பும் எடுத்தேன் என்று மனேச்சரிடம் ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்கு வேலையை விட்டுத் தூக்கலாம். இன்னொரு சிக்கலும் இருந்தது. டெரெக் அந்தத் தொகைக்கே ஓம் சொல்லத் தயாராக இருந்தான் என்று தெரிந்தால், மனேச்சர் இன்னும் குறைத்துக் கேட்கலாம். கணக்குக்காரன் என்ற முறையில் குறைக்கச் சொல்லவேண்டியவனே நான்தான். ஆனால் அந்தச் செய்தி என் வீட்டு அடுப்படிக்கு, பவானியை நம்பி வந்த செய்தி.

அடுத்த நாள் காலை காரில் ரொனி பிள்ளைக்குப் பெயர் தேடவில்லை. எக்லிங்டன் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, டெரெக் போகிறானாமே என்றான். அப்படித்தான் போலிருக்கிறது என்றேன். வருகிறவன் எப்படி என்று கேட்டான். மலிவு என்றேன்.

ரொனி கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். “டெரெக் எனக்குப் பின்னால் எங்கே நிற்பான் என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்” என்றான். “பயந்தால் இடப்பக்கம் ஒரு அடி வைப்பான். அதனால் நான் இடப்பக்கத்தை விடமாட்டேன். புதியவன் எந்தப் பக்கம் பயப்படுவான் என்று யாருக்குத் தெரியும்?”

விளக்கு பச்சையானது. மனேச்சர் என்னை முதுகைப் பார்க்கச் சொன்னார், நானும் முதுகைப் பார்த்தேன். அந்த முதுகு தனக்குப் பின்னால் நிற்பவனை அறிந்து வைத்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நானோ, இருப்பது ஒரே சட்டி, அதிலிருந்து யாருக்கு எவ்வளவு என்று மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டெரெக்கின் விலையில் பாதி ரொனிக்குத்தான் தெரிந்திருந்தது. சம்பளம் கூடினால் தன்னையே வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஒருவனுக்காக அவன் பேசிக்கொண்டிருந்தான், அது அவனுக்குத் தெரியாமலே. எனக்கு அந்த ஹீற்றர் அன்று கொஞ்சம் சுட்டது.

மனேச்சரின் அறைக்குள் நேரே போனேன். மேசையில் சூடான கோப்பி. மேற்குக்காரர்கள் சரி சொல்லிவிட்டார்கள், இன்று மத்தியானம் முடித்துவிடலாம் என்றார். டெரெக்கை இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்றேன். ஏன் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, இடியப்பம், பவானியின் கரண்டி, முதல் வேண்டாம், இரண்டாவது வேண்டாம், ஒன்றையும் விடவில்லை.

அவர் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. கடைசியில், என்ன கறி என்று மட்டும் கேட்டார். ஆட்டிறைச்சி என்றேன். நான்கு வருடத்தில் என்னை ஒருதரமும் கூப்பிடவில்லையே என்றார். கூப்பிட்டால் நீங்கள் முதல் தரமே வேண்டாம் என்றுவிடுவீர்களோ என்று பயந்தேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. அப்படியென்றால் இன்னும் குறைத்துக் கேட்டாலும் எடுப்பானா?

பொய் சொல்ல முடியாது. உண்மை சொன்னால் டெரெக்கின் கழுத்தில் கத்தி. “எடுப்பான்” என்றேன். “ஆனால் அதை நான் கேட்கமாட்டேன். அதே தொகையைக் கேட்பதென்றால் கேட்கிறேன். அவன் என் வீட்டில் சாப்பிட்டவன்.” சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மனேச்சர் கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். “நான் என் வாழ்க்கையில் யாரையும் இரண்டு தரம் கேட்டதில்லை. என் மனைவியைக்கூட” என்றார். தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். “நீ கேள். அதே தொகை. நான் இதைக் குடித்து முடிக்கும்வரை நேரம்.”

டெரெக் முதல் மணியிலேயே எடுத்தான். அந்தக் காலத் தொலைபேசியில் மறுபக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். நான் தொகையைச் சொல்லி, நாங்கள் உன்னை மறுபடி கேட்கிறோம் என்றேன். அவன் குரலில் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. பொங்கிய மகிழ்ச்சியோடு, வேண்டாம் என்றான்.

மனேச்சரின் கை கோப்பையோடு அந்தரத்தில் நின்றது. அவருடைய புருவங்கள் ஏறிய உயரத்துக்கு அந்த முழங்கால்களால் ஒருநாளும் ஏறியிருக்க முடியாது. நான் அவரைப் பார்த்து, பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். இது இரண்டாவதுதான் என்று கிசுகிசுத்தேன். அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது.

“டெரெக்,” என்றேன், “மூன்றாம் தரம் கேட்கிறேன்.”

“வேண்டும்” என்றான். “நன்றி. உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள்.”

மனேச்சர் மிச்சக் கோப்பியைக் குடித்தார். மேற்குக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்து, மன்னிக்கவேண்டும், எங்கள் ஆள் கிடைத்துவிட்டான் என்றார். என்னை வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை, ஆகவே என் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த பருவம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுபடி அரையிறுதி, மறுபடி தோல்வி. டெரெக் முன்பு எப்படியோ அப்படியே இருந்தான், சராசரிக்கு மேலே. ஏரிக் காற்றுக்கு அவன் வைத்தியம் கண்டுபிடிக்கவில்லை. ரொனி இடப்பக்கத்தை விடவில்லை. அவனுக்கு மகள் பிறந்தாள். பெயர் வைப்பதில் என் ஆலோசனை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். அபாரமானவனின் விலையை மற்றவனுக்குக் கொடுக்காதீர்கள். அவனுக்கு முன்னால் நிற்பவர்களின் சட்டியிலிருந்து அள்ளாதீர்கள். ஆனால் அவன் வேண்டாம் என்றால், தொகையைக் கூட்டுவதற்கு முன்னால், ஆளை மாற்றுவதற்கு முன்னால், அதே தொகையை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பணத்தைவிட அதுதான் வேண்டியிருக்கிறது. மீதிப் பாதி பணத்துக்குத்தான் நிற்பார்கள், அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விடுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இந்தப் பாடத்தை நான் படித்தது டெரெக்கிடம் அல்ல.

அந்தப் பேரம் நடந்த குளிர்காலம் முடிந்து பனி உருகத் தொடங்கிய நாட்களில் மனேச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதற்குள் அவர் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருந்தார். முதலாளியோடு கதைத்து உன் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன் என்றார். கொஞ்சம்தான். நீ சராசரிக்கு மேலே, அபாரமானவன் அல்ல, அந்த விலை என்ன என்று நீயே எனக்குச் சொல்லித் தந்தாய் என்றார்.

என்னுடைய மேடைப் பேச்சே என்னைக் கடித்தது. அது பரவாயில்லை. பிரச்சினை என் வாய். கோப்பிக்கு ஓம் சொல்ல நான் எப்போதோ பழகிவிட்டேன், சம்பளத்துக்குப் பழகவில்லை. வாடகை ஏறியிருந்தது, வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டியிருந்தது, அந்தக் கொஞ்சம் எனக்குக் கொஞ்சம் அல்ல. ஆனாலும் என்னைக் கேட்காமலே என் வாய், “பரவாயில்லை, இருக்கட்டும்” என்றது.

மனேச்சர் தலையாட்டினார். பேனாவை மூடினார். மேசையைப் பிடித்து எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். அந்த முழங்கால்களோடு மேசையிலிருந்து கதவுக்குப் போக அவருக்கு நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் நான் நாற்காலியில் இருந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவடியில் திரும்பிப் பார்த்தபோது டெரெக்குக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்கு உள்ளுக்குள்ளிருந்து தெரிந்தது.

கதவில் கையை வைத்தவர் நின்றார். திரும்பாமலே பேசினார்.

“இரண்டாம் தரம் கேட்கிறேன். மூன்றாம் தரம் கிடையாது.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் வேண்டும் என்றேன்.

அன்றைக்குப் பவானியிடம் சம்பளம் கூடிய கதையைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் சொதியைக் கலக்கிக்கொண்டே, “எத்தினை தரம் கேட்டவர்?” என்றாள்.

“ரெண்டு தரம்.”

“அந்த மனிசனோ?”

“ஓம்.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப மனசோடதான் தந்திருக்கிறார்” என்றாள்.